லேத்துக்காரர் கட்டிய பத்து ஈட்டிகள்

முப்பத்தொரு வருஷம் இரும்பைக் கடைந்தவர் அவர். தெருவில் அவருக்கு லேத்துக்காரர் என்றுதான் பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பம்ப் ஷாப்ட், புஷ், பல்சக்கரம் என்று எது தேய்ந்துபோனாலும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் புதுசு மாதிரி திரும்பி வரும். ஒரு தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் எவ்வளவோ, அந்த அளவு வித்தியாசம்கூட அவர் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று பட்டறை முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதில் கொஞ்சம் மிகை இருந்தது. ரொம்ப இல்லை.

அந்தக் கைதான் போயிற்று. ஐம்பத்தாறாவது வயதில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கப் பார்த்தார். கை கேட்கவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார், வார்த்தை குழறிக்கொண்டு வந்தது. பக்கவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றும் சொன்னார்கள். பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது. கால் மூன்று மாதத்தில், லேசான இழுப்போடு, திரும்பியது. தோளும் முழங்கையும் மெதுவாக வழிக்கு வந்தன. விரல்கள் மட்டும் ஏழு மாதமாகியும் ஈரத்துணி மாதிரி கிடந்தன. மடக்கினால் பிரியாது. பிரித்து வைத்தால் எதையும் பிடிக்காது.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் கைப்பயிற்சிக்கென்று ஓர் அறை இருந்தது. நீளமான மேஜை, ஆறு நாற்காலி, சுவரோரம் ஒரு இரும்பு அலமாரி. வாரத்தில் நான்கு நாள் அங்கே போகவேண்டும். பயிற்சி கொடுப்பவள் முப்பது வயதுகூட ஆகாத பெண். எல்லோருக்கும் அவள் தெரபி மேடம். அதட்டமாட்டாள், கெஞ்சமாட்டாள். சொன்னதையே சொன்ன குரலில் நாற்பது தடவை சொல்லுவாள்.

முதல் இரண்டு மாதம் களிமண் உருட்டச் சொன்னாள், துணி கிளிப்பைக் கம்பியில் மாட்டச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். அப்புறம் ஒரு திங்கட்கிழமை, அவர் முன்னால் ஒரு கட்டு மரக்கழிகளைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே சணல் கயிற்றுப் பந்து, சாம்பல் நிற ஃபோம் ஷீட், ஒரு பசை டப்பா, ஒரு பிளாஸ்டிக் பை நிறையச் சாயம் போட்ட இறகுகள். சிவப்பு, மஞ்சள், நீலம்.

"கீழ குழந்தைங்க வார்டுல அடுத்த மாசம் ஒரு நாடகம் போடறாங்க சார். காட்டு ராஜா கதை. காவலாளிங்களுக்கு ஈட்டி வேணுமாம். பத்து. நீங்க செஞ்சு குடுங்க."

அவர் பையைத் திறந்து ஒரு இறகை இடது கையால் எடுத்தார். "இது கோழி இறகு."

"ஆமா சார். சாயம் போட்டது."

"முப்பது வருஷமா நான் இரும்பு கடைஞ்சவன்மா."

"தெரியும் சார். கழியில ஒரு சாண் நீளத்துக்குக் கயிறைச் சுத்தணும். ஃபோமை ஈட்டி முனை மாதிரி வெட்டி மேல ஒட்டணும். முனைக்குக் கீழ கழுத்து மாதிரி வருதில்ல, அங்க இறகை ஒவ்வொண்ணா வெச்சு, வட்டமா கட்டணும். இறகை வலது கைதான் பிடிக்கணும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். வேற எதுவும் விதி இல்லை."

மேஜையின் மறுமுனையில் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். விபத்தில் மணிக்கட்டு நொறுங்கி வந்தவர். கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாய்க்கு வேலை கொடுக்கிற ஆள். "சார், எனக்கு இன்னும் களிமண்ணுதான். உங்களுக்கு ஆயுதமே குடுத்துட்டாங்க," என்றார்.

லேத்துக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையைத் தொடங்கியதும்தான் அது எவ்வளவு பெரிய வம்பு என்று தெரிந்தது. லேத்தில் பொருளைச் சக் என்கிற பிடியில் மாட்டி இறுக்கிவிட்டால் அது அசையாது. இவர் செய்யவேண்டியதெல்லாம் கருவியை நகர்த்துவதுதான். இங்கே எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கழி உருண்டது. கயிறு நழுவியது. ஃபோம், கத்தரிக்கோல் பட்ட பக்கமெல்லாம் நெளிந்தது. வெட்டி முடித்த முனையை நிமிர்த்திப் பார்த்தால் ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் இருந்தது. அரை அங்குலம் வித்தியாசம். பட்டறையாக இருந்தால் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, செய்தவனையும் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

இறகு அதைவிட மோசம். ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒன்று நீளம், ஒன்று வளைசல், ஒன்று மூளி. வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே அதை வைத்தார். விரல்கள் சேர்வதற்குள் இறகு மேஜையில் கிடந்தது. எடுத்து வைத்தார். விழுந்தது. இன்னும் ஒரு தடவை வைத்தபோது விழவில்லை. ஏனென்றால் பசை விரலில் பட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. உதறினார். போகவில்லை. இடது கையால் பிய்த்தார், அங்கே ஒட்டிக்கொண்டது. அதை விரட்டப் போய் அடுத்த இறகைத் தொட்டார், அதுவும் சேர்ந்துகொண்டது. ஒரு மணி நேரம் கழித்து ஈட்டியின் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. அவர் கையில் ஒன்பது இருந்தன.

"சார், கொஞ்சம் விட்டா பறந்துடுவீங்க போல," என்றார் டிரைவர்.

லேத்துக்காரர் கழியைத் தூக்கி எறிந்தார். அது அலமாரியில் மோதிக் கீழே விழுந்து உருண்டது. இறகுப் பையும் கூடவே சரிந்து தரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பரவியது.

தெரபி மேடம் திரும்பிப் பார்த்தாள். "கீழ விழுந்ததையும் நீங்கதான் எடுக்கணும் சார். அதுவும் பயிற்சிதான். வலது கை."

பொறுக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டில் பழகச் சொல்லி இரண்டு கழிகளையும் சாமான்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

அவர் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். பெல்ட்டில் வருகிற பிஸ்கட்டை எண்ணி, அடுக்கி, உறையில் தள்ளி, ஒட்டி அனுப்புகிற வேலை. கண் வேறெங்கோ இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். அவர் படுத்ததிலிருந்து அவள்தான் எல்லாம். காலையில் அவருக்குச் சட்டை மாட்டி, பட்டன் போட்டு, தட்டில் சாப்பாட்டைப் பிசைந்து ஸ்பூன் போட்டு வைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள்.

மறுநாள் மாலை, கூடத்தில் அவர் ஈட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை அவள் சமையலறையிலிருந்து இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தாள். கயிறு நான்கு சுற்று ஏறியதும் அவிழ்ந்தது. மறுபடி நான்கு சுற்று. மறுபடி அவிழ்ந்தது. அவர் மூச்சு விடுகிற சத்தம் அடுப்படிவரை கேட்டது. நெற்றியில் வியர்வை.

"குடுங்க இப்படி," என்று வந்து வாங்கினாள்.

"நான்தான் செய்யணும்."

"முடிச்சு மட்டும் போட்டுத் தரேன். மிச்சத்தை நீங்க பண்ணுங்க."

முடிச்சுப் போட்டவள் கயிற்றையும் சுற்றினாள். சுற்றியவள் முனையையும் வெட்டினாள். டி.வி.யில் ஒரு தொடர் ஆரம்பித்து முடிவதற்குள் இரண்டு ஈட்டியும் தயார். சிவப்பு இறகு ஒரு வரிசை, மேலே மஞ்சள் ஒரு வரிசை, நடுவில் பழைய மாலையிலிருந்து கழற்றிய நாலு மணிகள். அவளுக்கே பெருமையாக இருந்தது. சுவரில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவரும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் வியாழக்கிழமை அதையே எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தார். மேடம் கையில் எடுத்து, கழுத்துப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இந்த முடிச்சைப் போட்டவங்களுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு. அவங்களை நான் பார்க்கணுமே."

டிரைவர் களிமண்ணை ரொம்பக் கவனமாக உருட்டினார். லேத்துக்காரருக்குக் காது வரைக்கும் சூடேறியது. முப்பத்தொரு வருஷத்தில் அடுத்தவன் செய்த வேலையைத் தன் வேலை என்று அவர் காட்டியதில்லை. கடைசியில் கோழி இறகு விஷயத்தில் மாட்டிக்கொண்டார்.

மனைவி சனிக்கிழமை வந்தாள். திட்டு வாங்கத் தயாராக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேடம் திட்டவில்லை. வீட்டில் அவர் தானாக என்னென்ன செய்துகொள்கிறார் என்று மட்டும் கேட்டாள்.

"அவரா? ஒண்ணும் செய்யமாட்டாருங்க. செய்ய விட்டா செய்வார். ஆனா அவர் ஒரு பட்டன் போடறதுக்குள்ள என் பஸ் போயிடும். எனக்கு எங்க மேடம் நேரம்? அதோட, அந்தக் கையைப் பார்த்துட்டு என்னால சும்மா நிக்க முடியல."

"அதான் இப்ப பழகணும். வாரம் ரெண்டு நாள், ஒரு மணி நேரம், நீங்க இங்க வந்து உட்காருங்க. அவர் செய்வார். நீங்க பார்த்துட்டு இருப்பீங்க. அவ்வளவுதான்."

"பார்த்துட்டு மட்டுமா?"

"பார்த்துட்டு மட்டும்."

இப்படியாகப் புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி எதிர்ப்பக்கமுமாக உட்கார்ந்தார்கள். அவர் இறகை எடுப்பார், அது விழும். அவர் விரல் துடிக்கும், இவளுக்குத் தோள் துடிக்கும். இறகு பாதி வழியில் ஆடும்போது இவள் கை மேஜையை நோக்கிப் பாதி தூரம் வந்துவிடும். மேடம் எங்கிருந்தாவது ஒரு பார்வை பார்ப்பாள். கை திரும்பப் போய்க் கைப்பையின் வாரை முறுக்கும்.

"உச்சுக் கொட்டாதே," என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே.

"நான் எங்க கொட்டினேன்? பல்லுல ஏதோ மாட்டியிருக்கு."

"ஒரு மணி நேரமா மாட்டியிருக்கா?"

"உங்க வேலையை நீங்க பாருங்க."

அடுத்த இறகு பதினோரு தடவை விழுந்தது. அவர் எண்ணினார். பன்னிரண்டாவது தடவை அது ஈட்டியின் கழுத்தைத் தொட்டது. கயிறு நழுவியதால் இறகும் போயிற்று. மனைவி எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "இதுக்குப் பேசாம டபுள் ஷிப்டே பார்த்துடலாம்," என்றாள் மேடத்திடம். பின்கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

இரண்டு வாரம் போயிற்று. அவர் கையால் அரை ஈட்டி உருவாகியிருந்தது. அரை என்றால், ஒரு பக்கம் இறகு, ஒரு பக்கம் மொட்டை. நாடகத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி. அவருக்குத் தூக்கம் கெட்டது. வேலை சொன்ன நாளில் முடியாமல் போவது அவர் ரத்தத்திலேயே இல்லாத விஷயம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கை வராவிட்டால் போகட்டும், மூளை வருமே. வீட்டிலிருந்து ஒரு பழைய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதன் இரண்டு பக்கப் பலகைகளிலும் மேல் விளிம்பில் பள்ளம் வெட்டியிருந்தார், இடது கையாலேயே, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து. பள்ளத்தில் கழி படுத்துக்கொண்டது. கழியின் ஒரு முனையில் ஒரு மரத்துண்டைக் கைப்பிடியாக மாட்டினார். கயிற்றின் மறுமுனையில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். இடது கையால் கைப்பிடியைச் சுற்றினால், பாட்டிலின் கனத்துக்குக் கயிறு விறைப்பாக ஏறிக் கழியில் சுருள் சுருளாக உட்கார்ந்தது, இடைவெளியே இல்லாமல். இறகுகளை முன்கூட்டியே ஒரு ஒட்டு நாடாவில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டார். கழி சுற்றச் சுற்ற நாடாவும் இறகோடு சேர்ந்து சுற்றிக்கொண்டது.

ஒரு மணி நேரத்தில் நான்கு ஈட்டிகள். நான்கும் அச்சில் வார்த்த மாதிரி. டிரைவர் களிமண்ணை விட்டுவிட்டு எழுந்து வந்து, "அடேயப்பா, இது லேத்தேதான்," என்றார். லேத்துக்காரர் கை போனதிலிருந்து முதல் தடவையாக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

மேடம் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், நான்கு ஈட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"பிரமாதம் சார். நிஜமாத்தான் சொல்றேன். இதைச் செய்யும்போது வலது கை எங்க இருந்துச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். வலது கை மடியில் இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்தது.

"வேலை முடியணுமா, கை ஆடணுமா?" என்று கேட்டார், குரல் கொஞ்சம் ஏறியபடி.

"கை ஆடணும் சார். ஈட்டி கடையிலயே கிடைக்கும்."

அது சுருக்கென்று தைத்தது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். ஆனால் மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டு, பசையில் புரண்டு, பெண்டாட்டி முன்னால் மானம் போக உட்கார்ந்திருந்தது எல்லாம் கடையில் கிடைக்கிற ஒரு சாமானுக்கா என்று அவருக்குப் பட்டது.

"அப்ப கடையிலயே வாங்கிக்குங்க," என்று எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை.

ஐந்து நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மனைவி முதல் நாள் விட்டுவிட்டாள், இரண்டாம் நாள் கேட்டுப் பார்த்தாள், மூன்றாம் நாள் கெஞ்சினாள். ஐந்தாம் நாள் சாயங்காலம், கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறபோதே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "நாளைக்காவது போயிட்டு வாங்க," என்று.

"என் கை, என் இஷ்டம். உனக்கென்ன தெரியும், ஒரு வேலையைக் கையில வெச்சுக்கிட்டு முடியாம நிக்கறதைப் பத்தி?"

அவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள்.

"எனக்கா தெரியாது? கல்யாணமான புதுசுல ஒரு ஜாடி மூடியோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். தள்ளுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனீங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது. இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல ஒரு பல்பை நான் மாட்டினதில்லை, ஒரு ஆணியை நான் அடிச்சதில்லை. தையல் மெஷின்ல நூல் கோக்கறதைக்கூடப் பார்க்கப் பொறுக்காம வந்து பிடுங்கிக்குவீங்க. பட்டறையில ஒரு ஆளாவது உங்ககிட்ட ஆறு மாசம் நின்னிருக்காங்களா? வேலையைக் கையில குடுத்துட்டு, ரெண்டாவது நிமிஷம், தள்ளு, நான் பண்றேன். அடுத்தவங்க தடுமாறறதை உங்களால பார்க்க முடியாது. இப்ப என்னாலயும் முடியல. நான் மட்டும் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

தள்ளு, நான் பண்றேன். அந்தக் குரல் அவருடையதுதான். அதைச் சொன்னபோதெல்லாம் உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார்.

மறுநாள் காலை அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். சட்டையை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டாள். அவர் வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல், பார்த்தால் எங்கே நின்றுவிடுவோமோ என்கிற வேகத்தில் போய்விட்டாள்.

சட்டைக்குள் கைகளை நுழைக்கவே பத்து நிமிஷம். பட்டன் ஐந்து. மேல் பட்டன் துளையில் தலையை நீட்டும், பிடிப்பதற்குள் உள்ளே போய்விடும். இடது கை ஒன்றாலேயே செய்யப் பார்த்தார். துணி கூடவே நகர்ந்தது. வலது கை துணியைப் பிடித்துக்கொள்ளாமல் முடியாது என்று தெரிந்தது. பிடிக்க வைத்தார். நழுவியது. கையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். வீட்டில் யாரும் இல்லை, அதனால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னார். கடைசிப் பட்டன் முடிந்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஐம்பது நிமிஷம் போயிருந்தது. கண்ணாடியில் பார்த்தார். ஒரு பட்டன் இடம் மாறி, சட்டையின் ஒரு பக்கம் தொடைவரை இறங்கியும் மறுபக்கம் இடுப்போடு நின்றும் இருந்தது. அவிழ்த்துப் போடத் தெம்பு இல்லை. இவ்வளவு பாடுபட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்காருவதா என்ற ஆத்திரத்தில்தான் அவர் கிளம்பினார்.

பயிற்சி அறையில் மேடம் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள், நேற்றும் வந்தவரைப் பார்ப்பது போல. டிரைவர் சும்மா இருக்கவில்லை. "என்ன சார், கடை ஒரு பக்கம் ஷட்டர் தூக்கியிருக்கு?"

"இன்னும் நாலுதானே பாக்கி?" என்று மேடத்திடம் கேட்டார்.

"நாலு. அந்த ஆறும் அலமாரியில பத்திரமா இருக்கு. குழந்தைங்களுக்கு யார் செஞ்சா என்ன? இந்த நாலு மட்டும் எனக்கு உங்க வலது கையில வேணும்."

பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. இறகு விழுந்தது. பசை ஒட்டியது. ஃபோம் முனை ஒன்று காய்வதற்குள் சாய்ந்துகொண்டது. மனைவி வாரம் இரண்டு நாள் வந்து எதிரே உட்கார்ந்தாள்; ஒரு பை நிறையப் பட்டாணி கொண்டுவந்து உரித்துக்கொண்டிருந்தாள், கைக்கு வேலை இருந்தால் மேஜைப் பக்கம் போகாது என்று. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்ளபடியே ஒன்றையொன்று தொட்டன. நடுவில் ஒரு நீல இறகு. அது விழவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். மனைவி உரிப்பதை நிறுத்தினாள். இறகின் நுனி அவர் மூக்குக்கு நேரே லேசாக ஆடியது. அவர் தும்மினார். இறகு எங்கோ போயிற்று.

அதைத் தேடவில்லை. பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

நாடகத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நான்காவது ஈட்டி முடிந்தது. நான்கில் எதுவும் நேராக இல்லை. கயிறு ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டும் இருந்தது. "இதை வெளிய குடுக்காதீங்கம்மா," என்று மேடத்திடம் சொல்லிப் பார்த்தார். அவள் ஏற்கனவே பத்தையும் சேர்த்துக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் வார்டில் கட்டில்களை ஓரம் தள்ளி நடுவில் இடம் பண்ணியிருந்தார்கள். லேத்துக்காரரும் மனைவியும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். காட்டு ராஜா சக்கர நாற்காலியில் வந்தார். பின்னாலேயே பத்துக் காவலாளிகள், பாதிப்பேர் ஆஸ்பத்திரி உடுப்பில், கையில் ஈட்டியோடு. அவர் கதையைக் கவனிக்கவில்லை. அவர் கண் அந்த நான்கின் மேலேயே இருந்தது.

மூன்றாவதாக நின்ற ஒரு சின்னப் பெண்ணின் கையில் இருந்தது அவருடையது, சாய்ந்த முனை. ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தாள். ராஜா ஏதோ உத்தரவு போட, எல்லோரும் ஈட்டியைத் தரையில் தட்டினார்கள். முடிச்சு விட்டுவிட்டது. கயிறு மெல்லப் பிரிந்து இறங்க, இறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. அவர் பாதி எழுந்துவிட்டார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"காயறதுக்குள்ள எடுத்துட்டாங்க. முடிச்சு சரியா உட்காரலை. நான் அப்பவே சொன்னேன்."

"சும்மா இருங்க. அவ பாத்துக்குவா."

அந்தப் பெண் உதிர்ந்ததைக் குனிந்து பார்த்தாள். தொங்குகிற கயிற்றைத் தன் மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மொட்டைக் கழியை முன்பைவிட ஓங்கித் தட்டினாள். வசனத்தை மட்டும் மறந்துவிட்டாள்.

முடிந்ததும் அவர் நேரே மேடத்திடம் போனார். "அதைத் திருப்பி வாங்கிக் குடுங்க. ரெண்டு நாள்ல சரி பண்ணித் தரேன்."

"கேட்டேன் சார். தரமாட்டாளாம். தலகாணிக்கு அடியில வெச்சுட்டா."

குறையோடு ஒரு வேலை கையை விட்டுப் போனது அவருக்கு அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே புலம்பினார். மனைவி பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி வந்தாள்.

அதன் பிறகும் ஒரு வருஷம் அந்த அறைக்குப் போனார். பேப்பர் கிரீடம், துணி பொம்மை என்று மேடம் எதையாவது கொண்டுவந்து போடுவாள். அவரும் முதலில் சண்டை போட்டுவிட்டுத்தான் உட்காருவார். கை பாதி திரும்பியது. பாதிதான். குளிர் நாட்களில் அதுவும் இல்லை. லேத்தில் மறுபடி நிற்க முடியாது என்று டாக்டர் சொன்னதை ஜீரணிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பட்டறை முதலாளி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, கடைந்து வருகிற சாமானை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்க ஆள் வேண்டும், அரை நாள் வந்தால் போதும் என்றார். போனார். மைக்ரோமீட்டரை வலது கை தாங்கிக்கொள்ளும், இடது கை திருகும். முதல் நாள் மத்தியானத்துக்குள் இருபது ஷாப்டில் பதினொன்றைச் சரியில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டார். முதலாளி வந்து அந்தக் குவியலைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். லேத்துக்காரர் ஒதுக்குவதற்குப் பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தார்.